காதில் கிளிப் மாட்டினால் பார்க்கின்சன் நடை சரியாகுமா?

கேள்வி, ஜனவரி 9, 2025

என் மாமனாருக்குப் பார்க்கின்சன் வந்து சில வருடங்கள் ஆகின்றன. மாத்திரையில் நடுக்கம் அடங்கிவிட்டது, நடைதான் படுமோசம். காது மடலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டி லேசாக கரண்ட் கொடுத்தால் நடை சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. எங்கள் ஊரில் ஒரு கிளினிக்கில் இதற்கு நாற்பதாயிரம் கேட்கிறார்கள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? உண்மையா, டுபாக்கூரா?

ஜனவரி 9, இரவு

டுபாக்கூர் இல்லை. ஆனால் நாற்பதாயிரம் கொடுக்கிற அளவுக்கு உண்மையும் இல்லை. அப்பாவுக்கும் இதே வியாதி, இதே கால் பிரச்சினை. அந்த வீடியோவைப் போன வருடமே சித்தி அனுப்பிவிட்டார். அதிலிருந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மாத்திரை டப்பாவில் அலாரம் வைக்கிற மகன், அவ்வளவுதான். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 10

அப்பா கோழி இறகால் காது குடைவார். கண் பாதி சொருகியிருக்கும், இறகு ஒரு சுற்று சுற்றும், உடனே இரண்டு இருமல். எப்போது குடைந்தாலும் இருமல்தான். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிப்போம். அதற்குப் பின்னால் ஒரு நரம்பு இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

மூளைத்தண்டிலிருந்து கிளம்பிக் கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை இறங்குவது வேகஸ் நரம்பு. உடம்புக்கு உள்ளேயே வேலை பார்க்கும் இந்த நரம்பு ஒரே ஒரு கிளையைத்தான் வெளித்தோலுக்கு அனுப்புகிறது. அந்தக் கிளை வந்து சேரும் இடம் காது. ஜெர்மன் உடற்கூறியலாளர் ஃப்ரீட்ரிக் ஆர்னால்டு பெயரால் அதை ஆர்னால்டு நரம்பு என்கிறார்கள். காதைக் குடைந்தால் இருமல் வருவது நூற்றில் சிலருக்கு மட்டும்தான். (இறகை இப்போது பிடுங்கி வைத்துவிட்டோம். யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.)

கிளிப்பின் கணக்கு இதுதான். காதில் தட்டினால் சேதி மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு திட்டுக்குப் போகிறது. மூளைக்கு நார்அட்ரினலின் என்ற ரசாயனம் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். பார்க்கின்சன் என்றதும் எல்லாரும் இந்த நோயில் மூளையில் குறைந்துபோகும் டோபமைன் என்ற ரசாயனத்தைத்தான் சொல்கிறோம், ஆனால் இந்தத் திட்டும் கூடவே செத்துக்கொண்டு வருகிறது. நடுக்கமும் இறுக்கமும் மாத்திரைக்குக் கட்டுப்பட்டாலும், நடக்கும்போது கால் நகராமல் தரையில் ஒட்டிக்கொள்வது சில பேருக்கு எவ்வளவு மாத்திரை போட்டாலும் கேட்பதில்லை. அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். உடம்புக்குள் போய் நார்அட்ரினலினாக மாறும் ட்ராக்ஸிடோபா என்ற மருந்தை ஜப்பானில் 1989-லேயே இந்தக் கால் ஒட்டலுக்காக அனுமதித்திருக்கிறார்கள். ஆகவே யோசனை பைத்தியக்காரத்தனம் இல்லை.

ஜனவரி 10, இன்னும் கொஞ்சம்

"காதில் எந்த இடம்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். முக்கியமான கேள்வி. 2002-ல் பியூக்கர், ஃபில்லர் என்ற இருவர் 7 சடலங்களின் 14 காதுகளை அறுத்துப் பார்த்து எழுதியதுதான் இன்றைக்கும் எல்லாருக்கும் வரைபடம். காதுத் துளைக்குச் சற்று மேலே, மடலுக்குள் விரல் நுனி உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கும், தொட்டுப் பாருங்கள். அங்கேதான் முழுக்க வேகஸ் கிளை. துளைக்கு முன்னால் கதவு மாதிரி நிற்கும் குருத்தெலும்பில் பாதிக் காதுகளில்கூட அது இல்லை. தோடு போடுகிற கீழ் மடலில் சுத்தமாகக் கிடையாது.

அதனால்தான் ஆய்வுகளில் பொய்ச் சிகிச்சை கொடுக்க வேண்டுமானால் கீழ் மடலில் மாட்டுகிறார்கள். அதே குறுகுறுப்பு, அதே கிளிப், நரம்பு மட்டும் வேறு.

இதைப் படித்தபோது எனக்குத் தோப்புக்கரணம் ஞாபகம் வந்தது. காது மடலைப் பிடிப்பதால் வேகஸ் தூண்டப்படுகிறது என்று ஒரு ஃபார்வர்டு வருமே! நாம் பிடிப்பது ஆராய்ச்சியாளர்கள் "இங்கே ஒன்றும் நடக்காது" என்று தேர்ந்தெடுத்த இடத்தை. பிள்ளையாருக்காகப் போடுங்கள், நரம்புக்காக வேண்டாம். பார்க்கின்சன்காரரைப் போட வைக்கவே வேண்டாம், உட்கார்ந்தால் எழ முடியாமல் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவார்கள்.

ஜனவரி 13

நாளைக்குப் பொங்கல், வீட்டில் வெள்ளையடிப்பு இன்னும் முடியவில்லை. வேகமாக எழுதுகிறேன்.

வேகஸ் தூண்டல் புதிது இல்லை. கழுத்தைத் திறந்து கம்பி சுற்றி, நெஞ்சில் பேட்டரி வைக்கிற முறையை அமெரிக்காவில் 1997-ல் வலிப்புக்கும், 2005-ல் மனச்சோர்வுக்கும், 2021-ல் பக்கவாதத்துக்குப் பிந்தைய கைப் பயிற்சிக்கும் அனுமதித்தார்கள். அறுக்காமல் தோலுக்கு மேலேயே கொடுப்பது அதன் தம்பி. பார்க்கின்சன் நடை அந்த அனுமதிப் பட்டியலில் இல்லை.

நடைக்குச் செய்து பார்த்தவர்களில் இரண்டு குழுக்களைச் சொல்கிறேன். ரோம் நகரத்துக் காம்பஸ் பயோ மெடிக்கோ பல்கலைக்கழகத்தில் 2022-ல் காதில் கொடுத்துப் பார்த்தார்கள். மிகச் சிறிய குழு. ஒரு முறை நிஜம், ஒரு முறை பொய், பிறகு உடம்பில் சென்சார் கட்டி நடக்கவிட்டார்கள். அடியின் நீளம், கை வீச்சு போன்ற சில அளவுகள் மேம்பட்டன. ஒரே ஒரு அமர்வுக்குப் பிறகான அளவு இது. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

இன்னொன்று நம் நாட்டிலேயே நடந்தது. கொல்கத்தா நரம்பியல் நிறுவனத்தில் கால் ஒட்டிக்கொள்ளும் நோயாளிகளுக்கு ஒரு மாதம் நிஜம், ஒரு மாதம் பொய் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. 2021-ல் வெளியானது. நடையின் சில அளவுகளும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சில அளவுகளும் நல்ல பக்கம் நகர்ந்தன. ஆனால் அவர்கள் கருவியை வைத்தது கழுத்தில், காதில் இல்லை. வீடியோக்காரர்கள் இந்த ஆய்வையும் காது கிளிப் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

ஜனவரி 16

பின்னூட்டத்தில் ஒருவர் "பார்க்கின்சனே வேகஸ் நரம்பில்தான் தொடங்குகிறது, அதனால் அங்கே வைத்தியம் பார்ப்பதுதான் சரி" என்று அடித்துச் சொல்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அண்ணா. ப்ராக் என்ற ஜெர்மானியர் 2003-ல் அப்படி ஒரு கருதுகோளை வைத்தார். குடலிலிருந்து வேகஸ் வழியாக நோய் மேலே ஏறலாம் என்பது அவர் வாதம். எல்லா நோயாளிகளும் அதற்குள் அடங்குவதில்லை. 2015-ல் டென்மார்க் ஆவணங்களை அலசியவர்கள், வயிற்றுப்புண்ணுக்காக அந்த நரம்பை முழுதாக வெட்டிக்கொண்டவர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்து குறைவாகத் தெரிகிறது என்று எழுதினார்கள்.

அப்படியானால் அதே நரம்பை வெட்டினாலும் நல்லது, தட்டினாலும் நல்லது. இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்போ சும்மா விட்டா மட்டும்தான் கெடுதலாக்கும்" என்றார்.

ஜனவரி 17

"காதில் தண்ணீர் விடுவார்களே, அது?" அது வேறு கதை. வேகஸ் இல்லை, உள்காதின் சமநிலை உறுப்பு. காதில் குளிர்ந்த நீரோ வெதுவெதுப்பான நீரோ விட்டால் தலை சுற்றும், கண் துடிக்கும். அதை வைத்து உள்காதைச் சோதித்த ராபர்ட் பாரனிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் கிடைத்தது. இப்போது தண்ணீர் இல்லாமல், ஹெட்ஃபோன் மாதிரிக் கருவியின் உலோக முனை காதுக்குள் சூடும் குளிரும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. இங்கிலாந்தில் கென்ட் பல்கலைக்கழகத்தார் அதைப் பார்க்கின்சன்காரர்களுக்குத் தினம் இரண்டு வேளை, இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்து 2019-ல் எழுதினார்கள். அங்கே பிரதானமாகப் பார்த்தது தூக்கம், சோர்வு, மனநிலை போன்றவற்றை. நடையை மட்டும் தனியாகக் குறிவைத்த ஆய்வு இல்லை அது.

காதுக்குப் பின்னால் எலும்பு மேல் ஒட்டுகிற மின்முறை ஒன்றும் இருக்கிறது, அதுவும் சமநிலை உறுப்புக்குத்தான். ஆக "காது சிகிச்சை" என்று யாராவது சொன்னால் எந்தக் காது சிகிச்சை என்று முதலில் கேளுங்கள்.

ஜனவரி 28

சரி, சொந்தக் கதை.

நியூராலஜிஸ்ட்டிடம் கேட்டபோது அவர் சிரிக்கவும் இல்லை, ஊக்கப்படுத்தவும் இல்லை. முதலில் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். வேகஸ் இதயத் துடிப்பைக் குறைக்கிற நரம்பு, அதனால் நாடி ஏற்கெனவே மெதுவாக ஓடுகிறவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இது விளையாட்டு இல்லை. பெரும்பாலும் இடது காதில் வைப்பதும் அந்த ஜாக்கிரதையால்தான், வலப்பக்க வேகஸ்தான் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடத்தை அதிகம் ஆள்கிறது. "சின்டோபா மாத்திரை நேரம் மாறக்கூடாது, அளவைக் குறைக்கக் கூடாது, மற்றது உங்கள் இஷ்டம்" என்றார்.

பிசியோவிடம் வலிக்கு வைக்கிற டென்ஸ் கருவி இருந்தது, காது கிளிப்போடு. சில வாரம் கடன் கொடுத்தார், காசு வாங்கவில்லை. 25 ஹெர்ட்ஸ், அரை நிமிடம் ஓடும், அரை நிமிடம் நிற்கும், வலிக்கும் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். மாட்டியதும் அப்பா, "என்னலே, காதுல கட்டெறும்பு ஊருது" என்றார். அந்தக் கிளிப் பள்ளத்தில் நிற்காது, முன் குருத்தெலும்பில்தான் கவ்வும். அதாவது பாதிக் காதுகளுக்கு மேல் வேகஸ் இல்லாத இடம். இதைத்தான் நாற்பதாயிரத்துக்கு விற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். சாப்பாட்டு மேஜை நாற்காலி, மூன்று மீட்டரில் தரையில் ஒரு டேப். எழுந்து, நடந்து, திரும்பி, வந்து உட்கார வேண்டும். கையில் ஃபோன் கடிகாரம். டாக்டர்களும் இதையேதான் செய்கிறார்கள். அப்பா திரும்புகிற இடத்தில்தான் எல்லாக் கூத்தும் நடக்கும். நேராக வருகிற மனிதர் டேப்பைத் தொட்டதும் ஏழெட்டுக் குட்டி அடி வைத்துச் சுற்றுவார்.

கருவி ஓடுவது காதுக்குத் தெரியும் என்பதால் "இன்று ஆஃப்" என்று ஏமாற்ற முடியாது. அதனால் சில நாள் குருத்தெலும்பு, சில நாள் கீழ் மடல், சில நாள் ஒன்றுமில்லை. என் மனைவி மாட்டிக் கழற்றுவாள், எந்த இடம் என்று குறித்து வைத்துக்கொள்வாள், நான் அதன் பிறகுதான் அறைக்குள் போவேன். அப்பாவுக்கு விஷயம் முழுக்கத் தெரியும், எந்த நாளில் எது என்பதைத் தவிர. அவருக்கு இதில் படு குஷி. மாத்திரை போட்டு அதே இடைவெளியில்தான் நடக்கவிட்டோம். இல்லாவிட்டால் நாம் அளப்பது மாத்திரையை.

பிப்ரவரி 2

முடிவு எங்கே என்று நச்சரிக்கிறீர்கள். கிளிப் மாட்டிய நாட்களில் நடை நன்றாக இருந்தது. எந்த இடத்தில் மாட்டினாலும்! குருத்தெலும்பு நாளையும் கீழ் மடல் நாளையும் என் தாளில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. குருத்தெலும்பு நாட்களில் மாமாவின் இடது கை கூடுதலாக வீசியது, நான் கடிகாரத்தைப் பார்த்ததால் கையைப் பார்க்கவில்லை என்கிறாள். அவளுக்கு எந்த இடம் என்று தெரியும் என்பதால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்றேன். அன்று ராத்திரி தோசை எனக்குக் கடைசியாகத்தான் வந்தது.

பிப்ரவரி 3

"அப்படியானால் எல்லாம் மனப்பிரமை" என்று எழுதியவருக்கு. பார்க்கின்சனில் மனப்பிரமை என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். வான்கூவரில் 2001-ல் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வெற்று ஊசியை மருந்து என்று நம்பிய நோயாளிகளின் மூளையில் டோபமைன் உண்மையாகவே சுரந்தது. இல்லாதது என்று நாம் நினைக்கிற அதே ரசாயனம். நம்பிக்கை இந்த நோயில் மருந்தின் பாதையிலேயே போகிறது. அதனால்தான் இங்கே பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிடாத எந்த வீடியோவும் செல்லாது. கிளிப் போட்ட அன்று தாத்தா ஓடினார் என்றால், அவர் ஓடியது உண்மைதான். கிளிப்பால் ஓடினாரா என்பதுதான் கேள்வி. கூடவே, இருபது நிமிடம் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கவனிக்கிறது. எங்கள் வீட்டில் அதுவே பெரிய தூண்டல்.

பிப்ரவரி 19

காது வழியாகவே இன்னொரு வேலை நடக்கிறது, அதற்குக் கம்பியே வேண்டாம். நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்தவர். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம், தென்காசி என்று ஓடிய உடம்பு. நேற்று பாத்ரூம் நிலைப்படியில் ஒட்டிக்கொண்டார். உடம்பு முன்னால் சாய்கிறது, முட்டி கிடுகிடுவென்று ஆடுகிறது, பாதம் மட்டும் தரையில் ஆணி அடித்த மாதிரி. வாசலும் திருப்பமும் குறுகலான இடமும்தான் இவர்களுக்கு எமன். கையைப் பிடித்து இழுத்தால் விழுவார்கள், அதனால் இழுப்பதில்லை. என் பையன் பின்னாலிருந்து விளையாட்டாக இரட்டை விசில் அடித்து "போலாம் ரைட்" என்றான். கால் வந்துவிட்டது. அப்பாவே ஒரு கணம் திகைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டு, "டிக்கெட் எடுத்தியாலே?" என்று கேட்டார்.

இது மந்திரம் இல்லை. நடையைத் தானாகத் தொடங்கித் தானாக ஓட்டுகிற உள் கடிகாரம் இந்த நோயில் பழுதாகிறது. வெளியிலிருந்து ஒரு சத்தமோ தரையில் ஒரு கோடோ கிடைத்தால் மூளை வேறு வழியாகக் காலை எடுக்கிறது. 1996-ல் மைக்கேல் தவுட் குழுவினர் அமெரிக்காவில் தாளம் வைத்த இசைக்கு மூன்று வாரம் தினமும் நடக்கவிட்டார்கள். தாளத்தோடு பயின்றவர்களின் நடை வேகம் 25 சதவீதம் கூடியது. 2007-ல் ஐரோப்பாவில் மூன்று நாடுகளில் 153 பேருக்கு வீட்டிலேயே இந்தத் தூண்டுகுறிப் பயிற்சி கொடுத்தார்கள். நடையும் சமநிலையும் கொஞ்சம் முன்னேறின, ஒட்டிக்கொள்வதும் சற்றுக் குறைந்தது. பயிற்சியை நிறுத்திய ஆறு வாரத்தில் அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. அதாவது விடாமல் அடிக்க வேண்டிய விசில்.

பிப்ரவரி 20

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. தாளம் வேகமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். பொதுவாக அவரவர் நடையைவிடப் பத்து சதவீதம் கூட வைப்பது வழக்கம். கால் ஒட்டிக்கொள்ளும் ரகத்தினருக்கு அது எதிராகப் போகும். 2006-ல் வந்த ஒரு ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்குக் கூட்டிய தாளத்தில் அடி இன்னும் சின்னதாகிவிட்டது, குறைத்தபோதுதான் நீண்டது. அப்பாவுக்கும் அப்படித்தான். குத்துப்பாட்டு போட்டால் குட்டி அடி வைத்து முன்னாலேயே ஓடிக் கவிழப் பார்க்கிறார். கொஞ்சம் இறங்கின தாளம் போட்டால் காலைத் தூக்கி வைக்கிறார்.

மார்ச் 8

கிளிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அப்பா கேட்கவில்லை. விசிலை வைத்துக்கொண்டார், பழைய கண்டக்டர் நாள் மாதிரி சட்டைப் பையில்.

யோசிக்க யோசிக்க ஒன்று தோன்றுகிறது. ரோமிலும் கொல்கத்தாவிலும் அளந்தது பெரும்பாலும் நேரான நடையை. வீட்டில் விழுவது நேராக நடக்கும்போது இல்லை. திரும்பும்போது, நிலைப்படியில், கையில் டம்ளர் இருக்கும்போது, யாராவது பேச்சுக் கொடுக்கும்போது. நடை வேகம் நொடிக்கு இத்தனை சென்டிமீட்டர் கூடியது என்பது தாளில் அழகு. பாத்ரூம் வாசலில் அதற்கு என்ன மதிப்பு என்று யாராவது அளந்து காட்டினால் நானே முதலில் வாங்குவேன். ஆய்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளத்தில் சரியாக உட்காருகிற முனையோடு, கீழ் மடலோடு ஒப்பிட்டு, பல மாதம் தொடர்ந்து, விழுந்த எண்ணிக்கையையும் சேர்த்து எண்ணுகிற ஆய்வு வேண்டும். அதுவரைக்கும் இதை விற்கிற ஆள் என்னைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை.

மார்ச் 9

மூன்று பேருக்குச் சுருக்கமாக.

கேள்வி கேட்ட தங்கைக்கு: நாற்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். அதில் ஒரு பகுதிக்கு பிசியோவை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், பாத்ரூமில் கைப்பிடி அடியுங்கள், நிலைப்படிக்கு முன்னால் தரையில் பளிச்சென்று கலர் டேப் ஒட்டுங்கள். தாண்டுவதற்குக் கோடு இருந்தால் கால் வரும். கிளினிக்காரர் "மாத்திரையைக் குறைக்கலாம்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூளைக்குள் கம்பி வைத்த அம்மாவுக்காகக் கேட்டவருக்கு: டி.பி.எஸ். கருவி உள்ளே இருக்கும்போது எந்த மின் கிளிப்பையும் அந்த அறுவை செய்த டாக்டர் எழுத்தில் சொல்லாமல் காதுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தாளத்துக்கு எந்த ஆப் என்று கேட்டவருக்கு: மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டுவது) என்று தேடினால் இலவசமாகவே நிறைய வரும். முதலில் ஆப்பைத் திறக்காமல், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் அவர் ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிலேயே ஆரம்பித்து, ஒட்டிக்கொள்கிறவராக இருந்தால் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இயர்ஃபோன் ஒரு காதில் மட்டும் போதும், மற்றக் காது ரோட்டைக் கேட்கட்டும்.